நான்காவது வார்த்தை

நம் சங்கத்து ஆண்டு மலருக்குப் பல வருஷங்களாக எழுதி வருகிறேன். "வழக்கம்போல வைணவத்தில் ஏதாவது ஒன்று" என்பதுதான் மலர்க்குழு அன்பர்களின் உத்தரவு. இதுவரை எழுதியவை எல்லாம் நூல்களைப் பார்த்து எழுதியவை. இந்தத் தடவை நூல் பாதி, வீடு பாதி. ஒரு கேள்விக்கு விடை தேடிப் போனபோது படித்ததை எழுதுகிறேன். கேள்வி என்னுடையது அல்ல, என் அம்மா கேட்டது.

1979-இல் வங்கி உத்தியோகமாகப் பம்பாய்க்கு வந்தவன் நான். மாதுங்காவில் ஒரே அறையில் மூன்று பேராகக் குடியிருந்து, கல்யாணத்துக்குப் பிறகு டோம்பிவிலியில் வீடு பார்த்துக்கொண்டேன். அப்பா காலமானபின் 1998-இல் அம்மாவைச் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து அழைத்து வந்தேன். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்திலேயே பிறந்து, பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு இங்கே முதல் நாளே வந்த குறை, மின்சார ரயில் சத்தத்தில் கோயில் மணி எது என்று தெரியவில்லை என்பதுதான்.

2006 வாக்கில் மறதி ஆரம்பித்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். அது எல்லோரும் மறப்பது. பிறகு, காலையில் தளிகை ஆகி நாங்கள் எல்லாரும் சாப்பிட்டும் ஆனபின், பத்தரை மணிக்கு மறுபடி அரிசி களைந்து வைத்தாள். நரம்பியல் டாக்டர் ஸ்கேன் பார்த்தார், அவளிடம் பல கேள்விகள் கேட்டார், கடைசியில் அல்சைமர் என்றார். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-இல் முதன்முதலில் விவரித்த நோய். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை முதலில் தாக்குவதால், புதிதாக நடப்பது மனதில் தங்காது. சின்ன வயதில் நெட்டுருப் போட்டது நெடுநாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று தெரியாது, ஆனால் திருப்பாவை முப்பதும் தட்டாமல் வரும். நோயின் வேகத்தைச் சற்றே குறைக்கும் மருந்துகள் 2023 முதல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்திருக்கின்றன. போன நினைவைத் திருப்பித் தரும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் சொன்னதை அம்மா புரிந்துகொண்டுவிட்டாள். அன்று ராத்திரி கேட்டாள்: "ஏண்டா, கடைசி காலத்துல பெருமாளை நெனச்சாத்தான் அவன்கிட்ட போலாம்னு உபன்யாசத்துல சொல்றாளே. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காதுன்னா, என் கதி என்னடா?"

"அதெல்லாம் பெருமாள் பாத்துப்பார்மா" என்றேன்.

"பாத்துப்பார்னு நீ சொல்றே. அவர் சொல்லியிருக்காரா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. கீதையின் எட்டாவது அத்தியாயம் இதைத்தான் பேசுகிறது. உடலை விடும்போது எதை நினைக்கிறானோ அதையே ஒருவன் அடைகிறான், என்னை நினைத்து விடுபவன் என்னை அடைகிறான் என்று கண்ணன் சொல்கிறார். அஜாமிளன் கதையை நம் உபன்யாசகர்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள்! பிள்ளையைக் கூப்பிட்டு நாராயணா என்றவனே தப்பினான் என்றால், பெற்ற பிள்ளையின் பேரே வராத நிலையில் இருப்பவள் எதைக் கூப்பிடுவாள்?

தேடியபோது விடை அவள் ஊரிலேயே இருந்தது. அவளுக்கே தெரிந்த கதைதான், இந்தக் கோணத்தில் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

இராமானுசர் (குருபரம்பரைக் கணக்கில் 1017–1137) இளம் வயதில் காஞ்சியில் இருந்தபோது அவர் மனசில் சில சந்தேகங்கள். திருக்கச்சி நம்பி என்ற மகான் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்துவந்தார். பூவிருந்தவல்லிக்காரர், அந்தணர் அல்லாத குலம். பெருமாள் அவரோடு பேசுவார் என்பது பிரசித்தம். இராமானுசர் அவரிடம், "என் மனசில் சில கேள்விகள் உள்ளன, பெருமாளிடம் கேட்டுச் சொல்லவேண்டும்" என்றார். என்ன கேள்வி என்று சொல்லவில்லை. நம்பியும் கேட்டுக்கொள்ளவில்லை. இரவு ஆலவட்டம் வீசும்போது விண்ணப்பித்தார். பெருமாள் ஆறு வார்த்தைகள் அருளினார். பரம்பொருள் நாமே என்பது முதல் வார்த்தை. உயிரும் இறைவனும் வேறு வேறு என்பதே கொள்கை என்பது அடுத்தது. சரணாகதியே வழி. கடைசி நேரத்து நினைவு வேண்டியதில்லை. இந்த உடல் விழும்போதே மோட்சம். பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள்ளவேண்டும் என்பது ஆறாவது.

நான்காவது வார்த்தையைப் பாருங்கள். 'அந்திம ஸ்மிருதி' என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் கடைசி நினைவைத்தான். அம்மா கேட்டாளே, அவர் சொல்லியிருக்காரா என்று. சொல்லியிருக்கிறார், அவள் தினமும் பிரதட்சிணம் வந்த கோயிலிலேயே.

கீதையும் இதுவும் முரண் இல்லையா என்று கேட்கலாம். சம்பிரதாயத்தில் இதற்குப் பதில் உண்டு. தன் முயற்சியால் தியானம் செய்து அடையப் புறப்பட்டவனுக்குக் கடைசி நினைவும் அவன் பொறுப்பு. பொறுப்பையே ஒப்படைத்துவிட்டவனுக்கு அது வாங்கிக்கொண்டவன் பொறுப்பு. வராக சரம ஸ்லோகம் என்று இரண்டு ஸ்லோகங்களை வைணவர்கள் போற்றுவார்கள். பூமிப் பிராட்டிக்கு வராகப் பெருமாள் சொன்னது. மனமும் உடலும் நன்றாக இருக்கும்போதே ஒருவன் என்னை எண்ணியிருந்தால், பிற்பாடு அவன் கட்டை போலவும் கல் போலவும் கிடக்கும் வேளையில் நான் அவனை நினைக்கிறேன், நானே அழைத்துப் போகிறேன் என்பது அதன் சாரம். நினைக்கும் வேலை இடம் மாறிவிடுகிறது! பெரியாழ்வாரும் திருவரங்கத்துப் பெருமாளிடம் இதே விண்ணப்பத்தை ஒரு பதிகமாகவே வைத்திருக்கிறார். தளர்ச்சி வந்து நலியும்போது உன்னை எண்ண என்னால் ஆகாது, அதனால் அந்த நாளுக்கு உரியதை இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று முன்பணம் கட்டுவதுபோலக் கட்டிவிடுகிறார். (வங்கிக்காரன் புத்தி, உவமை இப்படித்தான் வருகிறது. ஆழ்வார் மன்னிக்கவேண்டும்.)

இதை அம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ சரி" என்றாள். முகம் தெளிந்தது. மறுநாள் சாயங்காலம் அதே கேள்வியை மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். நாற்பது, ஐம்பது தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பவள் போலக் கவலையோடு ஆரம்பித்து, "அப்போ சரி" என்று முடிப்பாள். சில நாள் ஆபீஸ் களைப்பில் எரிச்சலோடு சுருக்கமாகச் சொன்னதும் உண்டு. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆறு வார்த்தைகளில் இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. ஆறுமே முடிவுகள். ஏன், எப்படி என்று ஒரு காரணம்கூட இல்லை. கேட்டவரோ சாமானியர் அல்ல. தம் குரு யாதவப் பிரகாசரிடமே பொருள் சரியில்லை என்று வாதாடியவர். பிற்காலத்தில் ஸ்ரீபாஷ்யத்தில் பக்கம் பக்கமாகத் தர்க்கம் செய்தவர். அப்பேர்ப்பட்டவர் காரணம் கேட்காமல் எப்படி ஏற்றார்?

இதற்கான விடையை அவரே ஸ்ரீபாஷ்யத்தில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரம்ம சூத்திரத்தின் மூன்றாவது சூத்திரம், பிரம்மத்தை அறியச் சாஸ்திரமே ஆதாரம் என்கிறது. அங்கே ஓர் எதிர்வாதம் வருகிறது. பானை இருந்தால் குயவன் இருக்கவேண்டும், உலகம் இருப்பதால் ஒரு கர்த்தா இருக்கவேண்டும், இதற்குச் சாஸ்திரம் எதற்கு, யுக்தியே போதுமே என்பது நையாயிகர் வாதம். நம்மில் பலர் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதைத்தான். இராமானுசரோ, பக்தர்களில் தலையாயவர், இந்த வாதத்தை ஏற்காமல் உடைக்கிறார். மலையும் கடலும் ஒரே சமயத்தில் உண்டாக்கப்பட்டன என்று எதைக்கொண்டு சொல்வீர்? பெரிய மாளிகையைப் பலர் சேர்ந்து கட்டுவதைப் பார்க்கிறோமே, உலகத்துக்கு மட்டும் ஒரே கர்த்தா என்று எப்படித் தெரியும்? குயவனுக்கு உடம்பு உண்டே, உம்முடைய கர்த்தாவுக்கும் உடம்பு உண்டோ? நாத்திகர் கேட்கும் கேள்விகளை எல்லாம் இவரே கேட்டு, கடவுளை யுக்தியால் நிரூபிக்க முடியாது என்று நிலைநாட்டுகிறார்.

கல்லூரிக் காலத்தில் இதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. தன் கட்சிக்கே எதிராகப் பேசுகிறாரே என்று நினைத்தேன். அம்மாவின் கேள்விக்குப் பிறகுதான் விளங்கியது. புத்தி எதுவரை செல்லும் என்று அளந்து பார்த்தவர் அவர். அந்த எல்லைக்கு உள்ளே ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டார். எல்லைக்கு அப்பால் இருப்பதைத் தெரிந்ததுபோலப் பேசவும் மாட்டார். அங்கே சொன்னவரை நம்புவதுதான் வழி.

சரி, கடைசி நினைவுகூட வேண்டாம் என்றால் மனிதன் செய்ய ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. சரணாகதிக்கு அங்கங்கள் என்று பாஞ்சராத்திர நூல்கள் சிலவற்றைச் சொல்கின்றன. அவற்றில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவனுக்கு உகந்ததைச் செய்வேன் என்று உறுதி கொள்வது 'ஆனுகூல்ய சங்கல்பம்'. அவன் காப்பான் என்று திடமாக நம்புவது 'மகா விசுவாசம்'. என்னிடம் கைமுதல் ஏதும் இல்லை என்று உணர்வது 'கார்ப்பண்யம்'. கீழ்ப்படிதல், நம்பிக்கை, இயலாமையை ஒப்புக்கொள்ளுதல் என்று நம் பேச்சில் சொல்லலாம். மூன்றும் சேர்ந்தே வரவேண்டும். நம்பிக்கை மட்டும் இருந்தால் சோம்பேறித்தனமாகிவிடும். உகந்ததைச் செய்கிறேன் என்ற உறுதி மட்டும் இருந்தால், அவன் மனசே எனக்குத்தான் தெரியும் என்ற கர்வம் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் நம் கலைச் சண்டை. காஞ்சியில் தூப்புலில் அவதரித்த வேதாந்த தேசிகர் (1268–1369), ரஹஸ்யத்ரயசாரத்தில், காப்பவன் அவனே ஆனாலும் நம் பக்கத்தில் ஒரு சின்ன வியாஜமாவது வேண்டும் என்றார். தாயைக் கட்டிக்கொள்ளும் குரங்குக் குட்டி. திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர், நம் செயலை உபாயமாக எண்ணக்கூடாது, அவன் காப்பதைத் தடுக்காமல் இருந்தாலே போதும் என்றார். தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி. இரண்டு மகான்களும் சூட்சுமமாகச் சொன்னதை வைத்துக்கொண்டு, நாமத்துக்காகக் கோர்ட் வரை போனவர்கள் நாம்.

ஆனால் 1323-இல் டில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது என்ன நடந்தது? மூலவருக்கு முன்னால் சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே போனவர்களுக்குத் தலைமை தாங்கினவர் முதிர்ந்த வயதிலிருந்த பிள்ளை லோகாசாரியர். வழியிலே, மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். தேசிகர் ஸ்ருதப்பிரகாசிகை என்ற ஸ்ரீபாஷ்ய உரையின் சுவடியைக் காப்பாற்றப் பிணங்களுக்கு நடுவே படுத்திருந்தார் என்பது வரலாறு. நம்பெருமாள் திரும்பி வந்தது 1371-இல். பூனைக்குட்டியாகக் கிட என்று சொன்னவர் பெருமாளையே சுமந்துகொண்டு நடந்தார்! எப்போது திரும்புவோம், திரும்புவோமா என்று அவருக்குத் தெரியாது. கண் முன்னால் உள்ள கைங்கரியம் எது என்று மட்டும் தெரிந்தது. வியாக்கியானங்களில் பிடிபடாதது இந்த ஒரு செய்தியில் எனக்குப் பிடிபட்டது.

அம்மாவுக்கு முற்றிவிட்டது. 2010-க்குப் பிறகு படுக்கைதான். மடி ஆசாரம் என்று வாழ்ந்தவளுக்கு டயபர் கட்டவேண்டி வந்தது. கையைத் தட்டிவிடுவாள், அழுவாள். இந்த நிலையில் அவள் வாயில் பெருமாள் பேரைச் சொல்லவைக்கலாமா என்று என் மனைவிக்கே தயக்கம். ஸ்ரீவசன பூஷணத்தில் பிள்ளை லோகாசாரியர் இதற்கும் வழி காட்டியிருக்கிறார். சரணாகதிக்கு இடம், காலம், முறை என்ற நியமம் கிடையாது. சபையில் கதறிய திரௌபதி குளித்துவிட்டா கூப்பிட்டாள் என்று கேட்கிறார். அதைச் சொன்னபிறகு மனைவி தயங்கவில்லை. டயபர் மாற்றும்போதே திருப்பாவை சொல்வாள். ஆரம்பத்தில் அம்மா கூடவே சொல்வாள். பிறகு உதடு மட்டும் அசையும். பிறகு அதுவும் நின்றது.

அந்த நாட்களில் நான் நித்தியத் திருவாராதனத்தை ஒழுங்காகச் செய்யவில்லை. பக்கத்து ஃபிளாட்டில் ஒரு மராத்தி மூதாட்டி, நாங்கள் ஆஜி என்று கூப்பிடுவோம், ஆஷாட ஏகாதசிக்குப் பலமுறை பண்டரிபுரம் நடந்து போனவர். அவரிடம் ஒருநாள் குறையாகச் சொன்னேன், பூஜைக்கே நேரமில்லை ஆஜி என்று. அவர் சிரித்துவிட்டு, "எங்க விட்டோபா ஏன் செங்கல் மேல நிக்கறார் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரிந்த கதைதான். புண்டலீகன் தாய் தகப்பனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கும்போது பகவான் வாசலுக்கு வந்துவிட்டார். அவன் எழுந்து வரவில்லை. ஒரு செங்கல்லைத் தள்ளிப் போட்டு, அதன் மேல் நில்லுங்கள், வேலை முடிந்து வருகிறேன் என்றான். இடுப்பில் கை வைத்தபடி அவர் இன்னும் நிற்கிறார். ஆஜி அதைச் சொன்னபோது நான் கையில் அழுக்குத் துணி வாளியோடு நின்றிருந்தேன்.

2012 மார்கழியில் அம்மாவுக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு திணறியது. டாக்டர் வென்டிலேட்டர் பற்றிப் பேசினார். போட்டால் சில நாளோ சில வாரமோ இருக்கலாம், பழையபடி ஆவார் என்று சொல்லமாட்டேன், போடாவிட்டால் என்ன ஆகும் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நேர்மையான மனிதர். பெங்களூரிலிருந்து தம்பி போனில், "டாக்டரும் பெருமாள் அனுப்பினவர்தானே, முயற்சி பண்ணாம எப்படி விடறது?" என்றான். சென்னையிலிருந்து தங்கை, "அவர் கொண்டுபோகணும்னு நெனச்சா யார் தடுக்கறது, விட்டுடு அண்ணா" என்றாள். குரங்கும் பூனையும் எஸ்.டி.டி.யில் சண்டை போட்டுக்கொண்டன. திருவுள்ளம் என்ன என்று அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. புத்தி தெளிவாக இருந்த காலத்தில் அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள்: "கடைசியில துளசி தீர்த்தம் உன் கையால விடு. என்னைக் கட்டிப் போட்டுடாதே." பெற்றவள் வாக்கை நடத்துவது அவனுக்கு உகந்தது என்பதில் எந்தக் கலைக்கும் சந்தேகம் இருக்காது. வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஆக்சிஜனும் மருந்தும் தொடர்ந்தன. மூன்றாம் நாள் விடியற்காலை, துளசி தீர்த்தத்தால் உதட்டை நனைத்தேன். சற்று நேரத்தில் அடங்கினாள். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவள் உள்ளே என்ன இருந்தது, ஏதாவது இருந்ததா, எந்த ஸ்கேனுக்கும் தெரியாது. (முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலை உச்ச நீதிமன்றம் 2018-இல்தான் ஏற்றது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. வாசகர்கள் பெரியவர்களோடு இப்போதே பேசிவைப்பது நல்லது.)

நான் செய்தது சரியா என்று இன்றுவரை தெரியாது. தம்பி ஒரு வருஷம் சரியாகப் பேசவில்லை. இப்போது பேசுகிறான், அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

ஆறாவது வார்த்தையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பெரிய நம்பியிடம் போ என்பது அது. கேட்டவுடன் இராமானுசர் காஞ்சியிலிருந்து திருவரங்கம் புறப்பட்டார். பெரிய நம்பியோ இவரை அழைத்துவரத் திருவரங்கத்திலிருந்து காஞ்சிக்குப் புறப்பட்டிருந்தார். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமர் சந்நிதியில் சந்தித்துக்கொண்டார்கள். காஞ்சிக்குப் போய்ப் பெருமாள் முன்னிலையில் பஞ்ச சம்ஸ்காரம் செய்துகொள்ளலாமே என்றாராம் நம்பி. முன்பு ஒருமுறை ஆளவந்தாரைத் தரிசிக்க இதே நம்பியோடு திருவரங்கம் போய்ச் சேருவதற்குள் அவர் பரமபதித்துவிட்டதைக் கண்ணால் பார்த்தவர் இராமானுசர். காஞ்சி வரைக்கும் பொறுக்க அவர் சம்மதிக்கவில்லை. அங்கேயே, மகிழ மரத்தடியில் நடந்தது.